பந்து வந்தது... கோர்ட் வரவில்லை! பேசின் பிரிட்ஜும் சென்னை டென்னிஸும்

வெளியூரிலிருந்து ரயிலில் சென்ட்ரலுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் பேசின் பிரிட்ஜைத் தெரியும். பெரம்பூர் தாண்டியதுமே மேல் பெர்த்திலிருந்து பெட்டிகள் இறங்கிவிடும். குழந்தைக்குச் செருப்பு மாட்டியாகிவிடும். பாதிப் பேர் கதவோரம் போய் வரிசை கட்டி நிற்பார்கள். அப்போது வண்டி மெதுவாக ஊர்ந்து, ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிடும்.

"சென்ட்ரல் வந்துடுச்சாம்மா?"

"இல்லடா... பேசின் பிரிட்ஜ். சிக்னல் கெடைக்கல."

அந்தப் பத்து நிமிஷம் ஜன்னல் வழியாகப் பார்ப்பதுதான் பலருக்குத் தெரிந்த வடசென்னை. கழுவுவதற்காக வரிசையாக நிற்கும் ரயில் பெட்டிகள், மின்நிலையம், தேங்கிக் கிடக்கும் கால்வாய், தண்டவாளத்தை ஒட்டிய வீடுகள். எங்கேயாவது ஒரு துண்டு காலியிடம் தெரிந்தால் அதில் நிச்சயம் நாலு பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். கையில் இருப்பது டென்னிஸ் பந்து.

அந்தப் பந்துக்குச் சொந்தமான ஆட்டம் இங்கிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தூரத்தில், நுங்கம்பாக்கத்தில் நடக்கிறது. பேசின் பிரிட்ஜில் மின்சார ரயில் ஏறி, மூர் மார்க்கெட்டில் இறங்கி, ரோட்டைத் தாண்டி பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டியைப் பிடித்தால் எழும்பூர், சேத்துப்பட்டு, அடுத்தது நுங்கம்பாக்கம். அங்கே நடாலும் வாவ்ரிங்காவும் ஆடியிருக்கிறார்கள். 21 வருஷம் தொடர்ந்து உலகத் தரத்தில் போட்டி நடந்திருக்கிறது. இந்தியாவின் டென்னிஸ் தலைநகரம் என்றே சென்னையைச் சொல்வார்கள்.

அப்படியென்றால் பந்து மட்டும் பேசின் பிரிட்ஜ் வரைக்கும் வந்தது எப்படி? கோர்ட் ஏன் கூடவே வரவில்லை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் சென்னை டென்னிஸின் மொத்தக் கதையும் கிடைக்கிறது.

ராஜா வீட்டு ஆட்டம்

டென்னிஸ் பிறந்தபோதே சுவர்களுக்குள்தான் பிறந்தது. இன்று நாம் பார்க்கும் டென்னிஸுக்குத் தாத்தா ஒன்று இருக்கிறது. பிரான்ஸில் உள்ளங்கையால் பந்தை அடித்து ஆடத் தொடங்கி, பிறகு மட்டை பிடித்து, நாலு பக்கமும் சுவர் எழுப்பிய கூடத்துக்குள் ஆடிய ஆட்டம். சுவரில் பட்டுத் திரும்பும் பந்தையும் அடிக்கலாம். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி மன்னருக்கு இது உயிர். லண்டனுக்குப் பக்கத்தில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் உள்ள கூடத்தில் இன்றைக்கும் அந்த ஆட்டம் ஆடுகிறார்கள். 'ரியல் டென்னிஸ்' என்று அதற்குப் பெயர்.

அந்தக் கூடம் ஒன்றுக்கு உலக வரலாற்றிலேயே இடம் உண்டு. 1789 ஜூன் 20. பிரான்ஸில் சாமானிய மக்களின் பிரதிநிதிகள் கூட்டத்துக்கு வந்தபோது அவர்களுடைய மண்டபம் பூட்டிக் கிடந்தது. பக்கத்தில் வெர்சாய் நகரில் இருந்த டென்னிஸ் கூடத்துக்குள் புகுந்தார்கள். நாட்டுக்கு ஓர் அரசியல் சட்டம் எழுதி முடிக்காமல் கலைய மாட்டோம் என்று அங்கேயே சபதம் செய்தார்கள். 'டென்னிஸ் கோர்ட் சபதம்' என்றே பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பிரெஞ்சுப் புரட்சியின் முக்கியமான தொடக்கங்களில் அதுவும் ஒன்று.

ஆட்டம் கூடத்தைவிட்டு வெளியே வர இன்னும் 80 வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்கு இரண்டு விஷயம் தேவைப்பட்டது. ஒன்று, புல்தரையில் போட்டாலும் எம்பும் ரப்பர் பந்து. இன்னொன்று, புல்லை ஒரே மட்டமாக வெட்டும் இயந்திரம். 19-ம் நூற்றாண்டில் இரண்டும் கிடைத்துவிட்டன. 1874-ல் வால்டர் விங்ஃபீல்டு என்ற ராணுவ மேஜர், வலை, மட்டை, பந்து எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு 'லான் டென்னிஸ்' என்று விற்க ஆரம்பித்தார். 1877-ல் முதல் விம்பிள்டன் நடந்தது. இங்கிலாந்திலிருந்து கப்பல் ஏறிய அதிகாரிகள் அந்த ஆட்டத்தை மெட்ராஸுக்கும் கொண்டுவந்தார்கள்.

மெட்ராஸில் கால்வைத்த டென்னிஸ் நேராகப் போனது கிளப்புக்குத்தான். 1884-ல் தொடங்கிய மெட்ராஸ் ஜிம்கானா கிளப் ஆரம்பத்தில் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கான இடம். இந்தியப் பிரமுகர்கள் தங்களுக்கென்று கிளப்களை நடத்தினார்கள். காஸ்மோபாலிடன் கிளப் 1873-லேயே வந்துவிட்டது. மயிலாப்பூர் கிளப் 1903-ல் வந்தது. வக்கீல்களும் நீதிபதிகளும் அரசு அதிகாரிகளும் சாயங்காலத்தில் வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு மட்டையோடு போய் வந்த இடங்கள் இவை.

அந்தக் கோர்ட்டுகளில் உறுப்பினர் அல்லாத இரண்டு வகை ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் பந்து பொறுக்கும் பையன். இன்னொருவர் 'மார்க்கர்'. உறுப்பினர்களோடு ஆடிக் காட்டி, பழக்கிவிடுவதுதான் மார்க்கரின் வேலை. நாள் முழுக்க கோர்ட்டிலேயே நிற்பவர் என்பதால் கை பழகியிருக்கும். ஆனால், ஆடுவதற்குச் சம்பளம் வாங்குபவர் என்பதால் பெரிய போட்டிகளில் சேர முடியாது. காசு வாங்கி ஆடுபவர்களுக்கு விம்பிள்டன் மாதிரியான போட்டிகளின் கதவு திறந்ததே 1968-ல்தான். அதுவரை டென்னிஸ் என்பது சம்பாதிக்க வேண்டிய அவசியம் இல்லாதவர்களின் ஆட்டம்.

கிருஷ்ணன் வீடு, அமிர்தராஜ் வீடு

அந்தக் கிளப் கோர்ட்டுகளின் ஊரிலிருந்துதான் உலகம் திரும்பிப் பார்த்த ஆட்டக்காரர்கள் வந்தார்கள். அதை மறுக்க முடியாது.

ராமநாதன் கிருஷ்ணனுக்கு முதல் குரு அவருடைய அப்பா டி.கே.ராமநாதன். அவரே பேர் பெற்ற ஆட்டக்காரர். 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை கிருஷ்ணன் ஜெயித்தார். அந்தப் பட்டத்தை ஆசியாவிலிருந்து ஜெயித்த முதல் பையன் அவர். 1960, 1961 என இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். முதல் வருஷம் நீல் ஃபிரேசரிடமும் அடுத்த வருஷம் ராட் லேவரிடமும் தோற்றார். இரண்டு பேருமே அந்தந்த வருஷம் கோப்பையைத் தூக்கியவர்கள். 1966-ல் இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதி வரை கொண்டுபோனதில் கிருஷ்ணனுக்குப் பெரிய பங்கு உண்டு. அவருடைய மகன் ரமேஷ் 1979-ல் அதே விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை வாங்கினார். அப்பாவும் மகனும் ஒரே பட்டம்.

இன்னொரு பக்கம் ஆனந்த், விஜய், அசோக் என அமிர்தராஜ் சகோதரர்கள். விஜய் அமிர்தராஜ் 1973-லும் 1981-லும் விம்பிள்டன் காலிறுதி ஆடினார். 1974-ல் இந்தியா மறுபடியும் டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனது. எதிரில் தென்னாப்பிரிக்கா. கறுப்பின மக்களை ஒதுக்கிவைக்கும் அரசை எதிர்த்து அந்த இறுதி ஆட்டத்தையே ஆட மறுத்தது இந்தியா. கையில் கிடைக்கவிருந்த கோப்பை போனது. அந்த மறுப்பைப் பற்றி இன்றைக்கும் மரியாதையோடு பேசுகிறார்கள்.

சென்னையில் கிளப் உறுப்பினர் வீட்டுப் பிள்ளையாக இல்லாதவருக்கும் டென்னிஸ் கிடைக்கலாம் என்று காட்டியது 1985-ல் அமிர்தராஜ் குடும்பம் தொடங்கிய பயிற்சித் திட்டம். பிரிட்டானியா நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தியதால் அதன் பெயரைச் சுருக்கி 'பேட்' என்பார்கள். நாடு முழுக்கத் தேடித் திறமையான பையன்களைப் பொறுக்கி எடுத்து, சென்னையில் தங்கவைத்துப் படிப்பும் ஆட்டமும் கொடுத்தார்கள். கொல்கத்தாவிலிருந்து அப்படி வந்தவர்தான் லியாண்டர் பயஸ். 1990-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம், 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலம் என்று அவர் கதை போனது. ஒரு பையனுக்கு மட்டையும் கோர்ட்டும் பயிற்சியாளரும் சாப்பாடும் சேர்ந்து கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அவரே சாட்சி.

ஏரிப் பக்கத்தில் ஒரு ஸ்டேடியம்

பேசின் பிரிட்ஜ், நுங்கம்பாக்கம் இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டு இடத்தின் கதையிலும் தண்ணீர் இருக்கிறது. 'பேசின்' என்பது கால்வாயில் வரும் படகுகள் ஒதுங்கி நின்று சரக்கு இறக்கும் நீர்நிலை. விறகும் உப்பும் நெல்லும் வந்து இறங்கிய காலம் ஒன்று இருந்தது. நுங்கம்பாக்கத்திலோ ஏரி. அந்தப் பக்கத் தெருக்களுக்கு இன்னமும் 'லேக் ஏரியா' என்றுதான் பெயர். ஏரி வற்றி, மனைகளாகி, வள்ளுவர் கோட்டம் எழுந்து, அதற்குப் பக்கத்திலேயே டென்னிஸ் ஸ்டேடியமும் வந்தது. 1995 டிசம்பரில் சென்னையில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது அதற்காகக் கட்டியது. கட்டியது அரசு. அதனால் இது கிளப் சொத்து அல்ல, மக்கள் சொத்து.

ஸ்டேடியம் தயாராக இருந்ததால் போட்டியும் தேடி வந்தது. 1996-ல் டெல்லியில் தொடங்கிய ஏடிபி போட்டி அடுத்த வருஷமே சென்னைக்கு மாறியது. 1997-ல் ஸ்வீடனின் மிக்கேல் டில்ஸ்ட்ராம் ஜெயித்தார். 1998-ல் பாட்ரிக் ராஃப்டர். அதற்கு முந்தைய வருஷம்தான் அவர் அமெரிக்க ஓபன் ஜெயித்திருந்தார். விளம்பரதாரர் மாற மாற கோல்டு ஃபிளேக் ஓபன், டாடா ஓபன், ஏர்செல் சென்னை ஓபன் என்று பெயரும் மாறியது. ஜனங்கள் வாயில் நின்றது 'சென்னை ஓபன்' மட்டும்தான். புது வருஷக் கொண்டாட்டம் முடிந்த கையோடு ஜனவரி முதல் வாரம் டென்னிஸ் என்பது பழக்கமாகவே ஆனது. பயஸும் மகேஷ் பூபதியும் சேர்ந்து மட்டும் இங்கே 5 முறை இரட்டையர் பட்டம் வாங்கினார்கள். 2004-ல் டாமி ராப்ரெடோவோடு சேர்ந்து இரட்டையர் பட்டம் வாங்கிய 17 வயதுப் பையன் ஒருவர் இருந்தார். பெயர் ரஃபேல் நடால்.

வடசென்னைக்காரர்கள் மறக்கக் கூடாத வருஷம் 2005. 2004 டிசம்பர் 26 சுனாமி ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கரையோரத்தையே உலுக்கிவிட்டுப் போயிருந்தது. ஒரே வாரத்தில் சென்னை ஓபன். ஸ்பெயினின் கார்லோஸ் மோயா தொடர்ந்து இரண்டாவது வருஷமாக ஜெயித்தார். பரிசுப் பணத்தைச் சுனாமி நிவாரணத்துக்கே கொடுத்துவிட்டார். டென்னிஸ் கடற்கரைக்காரர்களை எட்டிப் பார்த்த தருணம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம்.

2008-ல் அதே மோயாவும் நடாலும் அரையிறுதியில் மோதினார்கள். மூன்றே செட் ஆட்டம். முடிய 3 மணி 54 நிமிஷம் ஆனது. மூன்று செட்டும் டை-பிரேக். நடால் ஜெயித்தார். ஆனால் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. மறுநாள் இறுதியில் மிகைல் யூஸ்னியிடம் 0-6, 1-6 என்று தோற்றார். அந்த ஸ்கோரைப் பார்த்து நடால் சரியாக ஆடவில்லை என்று நினைத்தவர்கள் முதல் நாள் ஆட்டத்தைப் பார்க்காதவர்கள்.

அடுத்த வருஷம் சென்னையே துள்ளிக் குதித்தது. வைல்டு கார்டில் உள்ளே வந்த சோம்தேவ் தேவ்வர்மன், மோயாவைத் தோற்கடித்து, இவோ கார்லோவிச்சைத் தோற்கடித்து இறுதி வரை போனார். இறுதியில் மரின் சிலிச்சிடம் தோற்றார். அந்த வாரம் டென்னிஸ் தெரியாதவர்களும் டீக்கடையில் டென்னிஸ் பேசினார்கள்.

2011, 2014, 2015, 2016 என 4 முறை ஜெயித்த ஸ்டான் வாவ்ரிங்காவுக்கு சென்னை சொந்த ஊர் மாதிரி. 2014 ஜனவரியில் இங்கே கோப்பையை வாங்கிக்கொண்டு போனவர், அதே மாதக் கடைசியில் ஆஸ்திரேலிய ஓபனையும் ஜெயித்தார். கடைசியாக 2017-ல் பாடிஸ்டா அகுட் ஜெயித்தபோது எதிரில் ஆடித் தோற்ற இளைஞர் டேனியல் மெத்வதேவ். பின்னாளில் 2021 அமெரிக்க ஓபன் சாம்பியன்.

அதோடு முடிந்தது. 2018-ல் போட்டி புனேவுக்குப் போனது. 21 வருஷம் பார்த்துப் பழகிய ஊர், ஜனவரி முதல் வாரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றது. பிறகு புனேவிலும் அது நிலைக்கவில்லை. 2024-லிருந்து அந்த இடம் ஹாங்காங்குக்குப் போய்விட்டது. பெரிய போட்டி என்பது வாடகைக்கு வந்த குடித்தனம் மாதிரி. விளம்பரதாரரும் பணமும் எங்கே கூப்பிடுகிறதோ அங்கே போய்விடும். போன பிறகு ஊரில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி.

மூணு கிரவுண்டு கணக்கு

இப்போது பேசின் பிரிட்ஜுக்குத் திரும்புவோம். ஒரு சின்னக் கணக்கு.

டென்னிஸ் கோர்ட்டின் நீளம் 78 அடி. இரட்டையர் ஆட்டத்துக்கு அகலம் 36 அடி. கோட்டோடு நிறுத்திவிட முடியாது. பின்னால் ஓடிப் போய் அடிக்க இரண்டு பக்கமும் 21 அடி வேண்டும். ஓரத்தில் ஓட 12 அடி வேண்டும். எல்லாம் சேர்த்தால் 120-க்கு 60. அதாவது 7,200 சதுர அடி. சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஆக, ஒரு கோர்ட்டுக்குச் சரியாக மூணு கிரவுண்டு!

மூணு கிரவுண்டில் ஒரே நேரத்தில் அதிகபட்சம் 4 பேர்தான் ஆட முடியும். 250 சதுர அடி வீடு என்று வைத்துக்கொண்டால், அதே இடத்தில் 28 குடும்பம் தரைத்தளத்திலேயே குடியிருக்கலாம். புளியந்தோப்பிலும் மூலக்கொத்தளத்திலும் வியாசர்பாடியிலும் இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தண்டவாளம், யார்டு, துறைமுகம், ஆலை, கிடங்கு என்று வடசென்னையில் பெரிய பெரிய இடமெல்லாம் வேலைக்குப் போய்விட்டது. மிச்சத்தில் வீடுகள். அதிலும் மிச்சமிருக்கும் ஒரு மைதானத்தில் காலையில் ஃபுட்பால், மதியம் கிரிக்கெட், திருவிழா வந்தால் பந்தல். எல்லோருக்கும் பங்கு உண்டு. டென்னிஸ் கோர்ட் அப்படிப் பங்கு போட விடாது. தரையை இறுக்கிக் கோடு போட்டு வலை கட்டிவிட்டால் அது டென்னிஸுக்கு மட்டும்தான். சுற்றிலும் வேலி வேண்டும். வேலி இருந்தால் கேட் வேண்டும். கேட் இருந்தால் பூட்டு வேண்டும். பெரிய நிறுவன வளாகங்களின் காம்பவுண்டுக்குள் இருக்கும் கோர்ட் வேறு, தெருப் பையன் எட்டிப் பார்த்து, "அண்ணே, நானும் ஒரு தடவை அடிக்கட்டுமா?" என்று கேட்கக்கூடிய கோர்ட் வேறு.

அதனால்தான் பந்து மட்டும் வந்தது. டென்னிஸ் பந்து 60 கிராம்கூட இருக்காது. பட்டால் வலிக்கும், ஆனால் மண்டை உடையாது. ஜன்னல் கண்ணாடியும் பெரும்பாலும் தப்பிக்கும். பேடு வேண்டாம், ஹெல்மெட் வேண்டாம். தெரு கிரிக்கெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பந்து கிடையாது. இன்று வடசென்னையில் 'டென்னிஸ் டோர்னமென்ட்' என்று யாராவது சொன்னால் அது பெரும்பாலும் டென்னிஸ் பால் கிரிக்கெட்தான். ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கர் கட்டி, கோப்பை வரிசையாக அடுக்கி, வர்ணனையோடு நடக்கும். 2024-ல் இந்தியா முழுக்கப் பிரபலமான தெரு கிரிக்கெட் லீக்குக்கும் டென்னிஸ் பந்துதான். சென்னை பெயரிலும் அதில் ஓர் அணி உண்டு.

29 அங்குலத்தில் ஒரு உலகம்

மூணு கிரவுண்டு கிடைக்காத இடத்தில் ஜனங்கள் ஆடாமல் உட்கார்ந்துவிடவில்லை. இருக்கிற இடத்துக்கு ஏற்ற ஆட்டத்தைத் தேடிக்கொண்டார்கள். குத்துச்சண்டைக்கு ஒரு சின்னக் கொட்டகை போதும். ஒரு மைதானத்தைப் பத்து அணிகள் பங்கு போட்டு ஆடிய ஃபுட்பாலால்தான் வியாசர்பாடிக்கு 'குட்டி பிரேசில்' என்ற பெயர் வந்தது. இடமே இல்லாதவர்களுக்கு கேரம்.

கேரம் போர்டின் ஆடுபரப்பு 29 அங்குலச் சதுரம். 9 கறுப்பு, 9 வெள்ளை, 1 ரெட், ஒரு ஸ்ட்ரைக்கர், கொஞ்சம் பவுடர், மேலே தொங்கும் ஒரு பல்பு. பத்துக்குப் பத்து ரூம் இருந்தால் கிளப் ரெடி. உள்ளே 4 பேர் ஆடுவார்கள், சுற்றி 14 பேர் நிற்பார்கள். "ரெட்டைப் போட்டுட்ட சரி, ஃபாலோ எங்கடா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். உறுப்பினர் சந்தா, உடுப்பு, சிபாரிசுக் கடிதம் எதுவும் கிடையாது. அடுத்த போர்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம். 'வடசென்னை' படத்தில் தனுஷ் கேரம் ஆட்டக்காரராக வந்தது சும்மா இல்லை.

இந்தக் கிளப்களின் பலன் என்ன? 1991-லும் 1995-லும் உலக சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர். கேரமுக்காக 1996-ல் அர்ஜுனா விருது வாங்கினார். பேசின் பிரிட்ஜுக்கு அடுத்த ஸ்டேஷன் வியாசர்பாடி. அங்கே மூன்று சக்கர வண்டி ஓட்டிய ஒருவரின் மகள் இளவழகி, 2008-ல் பிரான்ஸின் கான் நகரில் மகளிர் உலக சாம்பியன் ஆனார். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தனிநபர், இரட்டையர், அணி என மூன்று தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண். அப்பா ஆட்டோ ஓட்டுபவர். தமிழக அரசு 1 கோடி ரூபாய் பரிசு கொடுத்தது.

ஒரு பக்கம் 3 கிரவுண்டு, 150 வருஷ கிளப் பாரம்பரியம், உலகப் போட்டி. இன்னொரு பக்கம் 29 அங்குலப் பலகை. உலக சாம்பியன் பட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது எந்தப் பக்கம்? இரண்டு ஆட்டத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. டென்னிஸில் போட்டியிடும் நாடுகள் எத்தனையோ மடங்கு அதிகம். ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் கையோ கண்ணோ பொறுமையோ குறைவில்லை. குறைந்தது இடம் மட்டும்தான்.

கோர்ட்டைச் சின்னதாக்கினால்?

சென்னைக்கு டென்னிஸ் மறுபடி வந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் முதல் முறையாக மகளிர் டபிள்யூடிஏ போட்டி நடந்தது. 17 வயது லிண்டா ஃப்ருஹ்விர்தோவா ஜெயித்தார். 2024 பிப்ரவரியில் இங்கே சேலஞ்சர் போட்டியை ஜெயித்த சுமித் நாகல், அதன் மூலம் முதல் முறையாக உலகின் முதல் 100 பேரில் ஒருவரானார். 2025-ல் மகளிர் போட்டி திரும்ப வந்தபோது இந்தோனேசியாவின் ஜேனிஸ் ஜென் பட்டம் வாங்கினார். நல்ல செய்திகள்தான். ஆனால் இவையும் ஒரு வாரம் வந்து போகும் விருந்தாளிகள்.

விருந்தாளி போன பிறகும் வீட்டில் இருக்கப்போவது வேறு ஒன்று. அதற்கு வழியை உலக டென்னிஸ் சம்மேளனமே போட்டுக் கொடுத்திருக்கிறது. 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கான போட்டிகளை முழு கோர்ட்டில், வழக்கமான பந்தில் நடத்தக் கூடாது என்று 2012-ல் விதியை மாற்றினார்கள். பிள்ளைகளுக்கென்று வேகம் குறைந்த சிவப்புப் பந்து. வலையும் தாழ்வு. கோர்ட்டின் நீளம் 36 அடி, அகலம் 18 அடி. அதாவது 648 சதுர அடி! ஓடியாட ஓரம் விட்டாலும் ஒரு கிரவுண்டு தாராளம். ஒரு பெரிய கோர்ட்டின் இடத்தில் இந்த மாதிரி நாலு போடலாம்.

அந்த அளவு இடம் பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் இல்லையா? காலையில் பிரேயர் நடக்கும் பள்ளிக்கூட முற்றத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு, இரண்டு கம்பத்துக்கு நடுவில் வலை கட்டினால் போதும். பிரேயர் நேரத்தில் வலையை அவிழ்த்துவிடலாம். வேலி வேண்டாம், கேட் வேண்டாம், பூட்டு வேண்டாம். மைதானத்தைப் பங்கு போட்டுப் பழகிய ஊருக்கு இது பொருந்தும். தேவைப்படுவது பத்து சின்ன மட்டை, இருபது பந்து, வாரத்தில் மூன்று நாள் வந்து நிற்க ஒரு பயிற்சியாளர். இது நடக்க உலகப் போட்டி வரவேண்டிய அவசியம்கூட இல்லை.

அப்படிப் பழகும் ஐம்பது பிள்ளைகளில் நாலு பேருக்குக் கை நன்றாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு அடுத்த படி நுங்கம்பாக்கம். நாலு ஸ்டேஷன், ஒரு வண்டி மாற வேண்டும், அவ்வளவுதான். 'பேட்' திட்டம் கொல்கத்தாவிலிருந்து ஒரு பையனைக் கூட்டிவந்து பயஸை உருவாக்கியது. பேசின் பிரிட்ஜிலிருந்து கூட்டிப்போக ரிசர்வேஷன்கூடத் தேவையில்லை.

சிக்னல் விழுந்துவிட்டது. வண்டி மெல்ல நகர்கிறது. இன்னும் ஐந்து நிமிஷத்தில் சென்ட்ரல். அடுத்த முறை இங்கே வண்டி நிற்கும்போது ஜன்னலோரம் பாருங்கள். காலியிடத்தில் ஒரு பையன் டென்னிஸ் பந்தைச் சுவரில் எறிந்து, திரும்பி வருவதைக் கட்டையால் அடித்துக்கொண்டிருப்பான். எட்டாம் ஹென்றியின் கூடத்திலும் ஆட்டம் இதுதான். சுவரில் பட்டுத் திரும்பும் பந்தை அடிப்பது. அந்தப் பையனிடம் சுவர் இருக்கிறது, பந்து இருக்கிறது. மட்டையும் வலையும்தான் பாக்கி.